கரண்டியும் ஆணியும்: சைக்கிள் திருத்த வீட்டிலேயே செய்யும் சாமான்கள்

(தோட்ட வாசகசாலையில் நடந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



கிடைத்த ஒரு லீவு நாளில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டாமல் விஷயத்துக்கு வருகிறோம். 2022ஆம் ஆண்டு பெற்றோல் வரிசை நீண்ட நாட்களில் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். லயத்துக்குப் பின்னால் விறகுக்கு அடியில் கிடந்த பழைய சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தன. புதுசின் விலையைக் கேட்டவர்கள் கேட்டதோடு திரும்பி வந்தார்கள். பழையதைத் திருத்தலாம் என்றால் கையில் சாமான் இல்லை. டவுனுக்குத் தள்ளிக்கொண்டு போனால் அன்றைக்கு அரைப்பேர்தான். அப்போதுதான் நாங்கள் சிலர் சேர்ந்து, கிடைத்ததை வைத்துச் சாமான் செய்ய ஆரம்பித்தோம்.

முதலில் டயர். அதைக் கழற்ற ஸ்குரூ டிரைவரை விடாதீங்க. ஒரு ஓட்டையை ஒட்டப் போய் மூன்று ஓட்டையாகும். தடிப்பான சாப்பாட்டுக் கரண்டி இரண்டு எடுங்கள். காம்பின் முனையை அரத்தால் ராவி, கூர் இல்லாமல் உருட்டிவிடுங்கள். அவ்வளவுதான். வீட்டில் கேட்டுவிட்டு எடுங்கள். நாங்கள் கேட்காமல் எடுத்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டோம். டியூபைச் சுரண்ட, டின் தகரத் துண்டில் ஆணியால் நெருக்கமாகக் குத்தினால் போதும். சொலுசன் பூசியவுடன் ஒட்டக் கூடாது. விரல் வைத்தால் பிசுபிசுக்காத பதம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

அடுத்தது செயின். கொங்கிறீட் ஆணி ஒன்றின் முனையைச் சாணைக் கல்லில் தட்டையாக்குங்கள். அது செயின் முளையைவிடக் கொஞ்சம் மெல்லிசாக இருக்க வேண்டும். முளை ஒரு பழைய நட்டின் ஓட்டைக்கு நேராக வரும்படி செயினை வைத்து, மெதுவாகத் தட்டுங்கள். முளையை முழுதாக வெளியே தள்ளிவிடக் கூடாது. அடித் தகட்டில் தொங்கிக்கொண்டு நிற்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பப் போடுவதற்குள் பொழுது விடிந்துவிடும். இந்த ஆணி உடைந்து தெறிக்கும், கண் கவனம். கிளிப் பூட்டு உள்ள செயினுக்கு இந்தப் பாடே வேண்டாம். ஆனால் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

செயின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பிள்ளைகளின் அடிமட்டமே போதும். முளைக்கு முளை அரை அங்குலம். ஆக 24 கண்ணிக்குச் சரியாக 12 அங்குலம் வர வேண்டும். அரைக்கால் அங்குலம் கூடியிருந்தால் அந்தச் செயினை மாற்றிவிடுங்கள். வைத்துக்கொண்டிருந்தால் பல்லுச் சக்கரத்தையும் சேர்த்துத் தின்றுவிடும்.

சில்லு ஆடினால், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, உடைந்த கம்பித் துண்டு ஒன்றைப் போக்கில் பழைய டியூப் வாரால் கட்டுங்கள். அதன் நுனி ரிம்மை உரசியும் உரசாமலும் நிற்கட்டும். சில்லைச் சுற்றினால் எந்த இடம் கோணல் என்று அதுவே காட்டிக் கொடுக்கும். கம்பி திருகும் சாவியைப் பட்டை இரும்பில் சதுரமாக ராவிச் செய்யலாம். பிடி தளர்வாக இருந்தால் நிப்பிள் மழுங்கிவிடும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருகாதீர்கள்.

இவ்வளவும் செய்தபிறகு எங்களுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நம்ம மலையில் ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளுகிறோம், இறக்கத்தில்தான் ஏறி உட்காருகிறோம். ஆக மிதிப்பதைவிடப் பிரேக்தான் நமக்கு முக்கியம். எங்களில் ஒருவருடைய மகன், தரம் 10 படிக்கிற பிள்ளை, சைக்கிளைக் கொண்டுவந்தான். முன் பிரேக் வயரை இறுக்கும் சின்ன நட் தொலைந்திருந்தது. நாங்கள் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கொடுத்தோம். பின்னால் பிரேக் கட்டைக்குப் பதில் பழைய செருப்பை வெட்டி வைத்தோம். முற்றத்தில் பிடித்துப் பார்த்தபோது நின்றது. மறுநாள் மழை. ஸ்டோருக்குக் கீழே உள்ள வளைவில் வயர் நழுவிவிட்டது, ஈர ரிம்மில் செருப்பு வழுக்கிவிட்டது, பிள்ளை கானுக்குள். மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். அந்தத் தாய் எங்களை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எங்களுக்கு இலேசாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து, கழற்றும் சாமான் எதையும் நாமே செய்வோம், பிரேக் வயரையும் கட்டையையும் கடையில்தான் வாங்குவோம் என்று வைத்திருக்கிறோம். இறக்கத்துக்கு முன்னால் இறங்கி நின்று, ஒவ்வொரு பிரேக்காக இறுகப் பிடித்துச் சைக்கிளைத் தள்ளிப் பாருங்கள். அந்தப் பக்கத்துச் சில்லு உருளக் கூடாது. மழை நாளில் இரும்பு ரிம் சரியாகப் பிடிக்காது. வளைவு வருவதற்கு முன்பே விட்டு விட்டுப் பிடித்து, தண்ணீரைத் துடைத்துக்கொள்ள வேண்டும்.

செய்த சாமான்களை அந்த மேசைமேல் வைத்திருக்கிறோம். கையில் எடுத்துப் பாருங்கள். அடுத்த ஞாயிறு காலையில் சைக்கிள் உள்ளவர்கள் தள்ளிக்கொண்டு வாருங்கள். அந்தப் பிள்ளையும் வருகிறான். சில்லுக் கோணல் எடுப்பதில் இப்போது எங்களைவிட அவன் கைதான் நேர்த்தி.