பாய்மரத்தில் கேசட் நாடா



1968 ஜூன் 14. இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற மாலுமி தன்னந்தனியாகப் பாய்மரப் படகில் கிளம்பினார். எங்குமே கரையேறாமல் உலகத்தைச் சுற்றி வர வேண்டும் என்பது போட்டி. படகின் பெயர் ‘சுஹைலி’. நீளம் 32 அடி. நம் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய படகு அது.

வழியில் பேட்டரிக்கு மின்னேற்றும் இயந்திரம் மக்கர் செய்தது. பழைய ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்குப் ‘பாயின்ட்’ என்றால் தெரியும். தீப்பொறிக்குக் காரணமான அந்த இரண்டு முனைகளுக்கு நடுவே சரியான இடைவெளி விடாவிட்டால் வண்டி கிளம்பாது. அதே வேலைதான் இங்கேயும். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கி, அதில் ஏறக்குறைய 15 பங்கு இடைவெளி விட வேண்டும். அதை அளக்கிற ஃபீலர் கேஜ் படகில் இல்லை. கடையோ ஆயிரக்கணக்கான மைல் தள்ளி. அவர் ஒரு புத்தகத்தை எடுத்து, ஓர் அங்குலக் கனத்துக்கு எத்தனை தாள் வருகிறது என்று எண்ணினார். 200 வந்தது. அப்படியானால் ஒரு தாளின் கனம் அங்குலத்தில் ஆயிரத்துக்கு 5 பங்கு. மூன்று தாளைச் சேர்த்து வைத்தால் 15. முனைகளைச் சரிசெய்து முடித்தார். கிளம்பி 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22 அன்று ஃபால்மத்துக்கே திரும்பி வந்தார். கரை தொடாமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவர்தான்.

படிப்பதற்காக வைத்திருந்த புத்தகம். அவர் கண்ணுக்கு அதன் தாளுடைய கனம் தெரிந்தது பாருங்கள், அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஒரு பொருளை எதற்காக வாங்கினோம் என்பதை மறந்துவிட்டு, அதற்கு என்ன குணம் இருக்கிறது என்று பார்ப்பது. நீண்ட கடல் பயணம் போகிறவர்களிடம் இந்தப் பார்வை நிறையவே உண்டு.

அதே போட்டியில் போன இன்னொருவர் பெர்னார் முவாத்தெசியே. பிரெஞ்சுக்காரர், வளர்ந்தது வியட்நாமில். அவர் படகின் பாய்மரங்களே தொலைபேசிக் கம்பங்கள்தான்! போட்டியை நடத்தியவர்கள் செய்தி அனுப்ப ரேடியோ கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கேமராவும் ஃபிலிமும் மட்டும் வாங்கிக்கொண்டார். வழியில் கப்பல் தென்பட்டால் சேதியை எழுதி, ஃபிலிம் டப்பாவுக்குள் போட்டு, உண்டிகோலால் கப்பலின் தளத்தில் விழும்படி அடிப்பார். ஆமாம், பையன்கள் மாங்காய் அடிக்கிற அதே உண்டிகோல். 1969 மார்ச்சில், போட்டியை விட்டுவிட்டுப் பசிபிக் கடலை நோக்கிப் போகப் போகிறேன் என்ற சேதியையும் கேப்டவுன் அருகே ஒரு கப்பலுக்கு இப்படித்தான் சேர்த்தார்.

இவை பெரிய பயணங்கள். வார இறுதியில் பொழுதுபோக்காகப் படகு ஓட்டுகிறவர்களிடம் இருக்கும் இதுபோன்ற உத்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது கம்பளி நூல்.

ஸ்வெட்டர் பின்னிய பிறகு மிஞ்சுகிற நூலில் ஒரு சாண் வெட்டி, பாயின் முன் விளிம்புக்குச் சற்றுப் பின்னால் ஒட்டுவார்கள். பாயின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. காற்றை நம்மால் பார்க்க முடியாது, நூலைப் பார்க்கலாம். இரண்டு நூலும் பின்னோக்கி நேராகப் பறந்தால் காற்று பாயை இரு பக்கமும் தழுவிக்கொண்டு ஓடுகிறது என்று பொருள், படகு நல்ல வேகத்தில் போகும். காற்று வரும் பக்கத்து நூல் துள்ளினால், படகு காற்றின் முகத்துக்கு மிகவும் நெருங்கிவிட்டது, அல்லது பாய் தொய்ந்திருக்கிறது. மறுபக்கத்து நூல் துவண்டு சுழன்றால் பாயை அளவுக்கு மீறி இழுத்துக் கட்டியிருக்கிறோம், கயிற்றைக் கொஞ்சம் விட வேண்டும். பாய் மெல்லியது என்பதால் வெயில் படும்போது மறுபக்கத்து நூலின் நிழலும் தெரியும். சுக்கானைப் பிடித்திருப்பவர் அந்த இரண்டு இழைகளிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டார்.

கம்பளிக்கு ஒரு குறை. நனைந்தால் பாயோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் பாய்மரத்தைத் தாங்குகிற கம்பிகளில், காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்க்க, பழைய பாட்டுக் கேசட்டின் நாடாவைக் கட்டுகிறவர்கள் உண்டு. 4 மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலம், தலைமுடியை விட மெலிசு, பாலியெஸ்டர் என்பதால் தண்ணீரைக் குடிப்பதில்லை. லேசான காற்றுக்கும் எழுந்து நிற்கும். நாடா சிக்கி ஓடாமல் போன கேசட் ஒன்று வீட்டில் கிடந்தால், ஒரு படகுக்கு ஆண்டுக்கணக்கில் போதும்.

டென்னிஸ் பந்தும் படகில் ஏறும். பாய்மரத்தின் பாதி உயரத்தில் குறுக்காக நீட்டிக்கொண்டிருக்கும் கைகளின் நுனியில் பாய் உரசி உரசிக் கிழியும். துள்ளல் போன பந்தைக் கீறி அந்த நுனியில் மாட்டிவிட்டால் உரசல் நின்றுவிடும். ஆனால் பந்தின் பஞ்சு உப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் உலோகம் அரிக்கிறதா என்று அவ்வப்போது கழற்றிப் பார்க்க வேண்டும்.

படகுக்கு வந்து சேரும் மலையேறுகிறவர்களின் சாமான்களைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் உதவுவதும் அதிகம் ஏமாற்றுவதும் அவைதான். மலையேறும் கயிறு ஆள் விழும்போது நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். முதல் வீழ்ச்சியில் 40 சதவீதம் வரை நீளத் தரவிதி அனுமதிக்கிறது. ஆளைக் காப்பாற்றுவதே அந்த நீட்சிதான். அதே கயிற்றால் பாயை ஏற்றிக் கட்டினால் காற்றின் இழுப்பில் கயிறு நீண்டு, பாய் சரிந்து தொங்கும். படகு முன்னேறாது. ஆனால் நங்கூரச் சங்கிலியோடு அதையே ஒரு துண்டு சேர்த்துக் கட்டிப் பாருங்கள். அலை தூக்கி எறியும்போது படகின் மூக்கு வெடுக்கென்று இழுபடாமல், அதிர்ச்சி அந்தக் கயிற்றிலேயே அடங்கிவிடும். மலைக்கு இனி ஆகாது என்று ஓய்வு கொடுத்த கயிறுகளைப் படகுக்காரர்கள் தேடி வாங்குவது இதற்காகத்தான்.

ஆஸ்திரியாவைச் சேர்ந்த கார்ல் புரூசிக் 1931-இல் மலையேறுகிறவர்களுக்காக அறிமுகப்படுத்திய முடிச்சு ஒன்று உண்டு. மெல்லிய கயிற்று வளையத்தைத் தடித்த கயிற்றின் மேல் மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். சும்மா தள்ளினால் நகரும், பாரம் விழுந்தால் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பாய்க்கயிறு உருளையில் சிக்கி இறுகிப்போனால், சிக்கலுக்கு முன்னால் இந்த முடிச்சைப் போட்டுப் பாரத்தை அதற்கு மாற்றிவிட்டு, நிதானமாகச் சிக்கை அவிழ்க்கலாம்.

கயிற்றோடு வரும் அலுமினிய வளையக் கொக்கி, அதாவது கேரபினர், வேறு கதை. பளபளவென்று இருக்கும், கனமே இருக்காது. ஆனால் துருப்பிடிக்காத எஃகோடு அதைச் சேர்த்து உப்புத் தண்ணீரில் விட்டால், இரண்டு உலோகமும் உப்பும் சேர்ந்து மின்கலம் மாதிரி வேலை செய்து அலுமினியத்தை அரித்துவிடும். வெள்ளைப் பொடி பூத்தால் அதுதான் அறிகுறி. பிறகு கொக்கியின் வாய் திறக்காது, அல்லது மூடாது. வாளி தொங்கவிட வைத்துக்கொள்ளலாம். ஆள் தொங்குகிற இடத்தில் வேண்டவே வேண்டாம்.

இந்தப் பேச்சில் ஒரே ஒரு இடத்தில் நான் பிடிவாதமாக இருப்பேன். நீச்சல் பழகும் மிதவையையோ, நம் கடற்கரையில் நிறையப் பேர் நம்பிப் போகிற காலி பிளாஸ்டிக் கேனையோ உயிர்காப்பு அங்கிக்குப் பதிலாக எடுத்துக்கொண்டு கடலுக்குப் போகாதீர்கள். கேன் மிதக்கும், சந்தேகமில்லை. ஆனால் அதைக் கையால் பிடித்திருக்கிற வரைதான் அது உங்களுக்கு உதவும். தலையில் அடிபட்டு நினைவு தப்பினால் கை விட்டுவிடும். 100 நியூட்டன், அதாவது சுமார் 10 கிலோ தூக்கும் மிதப்பு விசை உள்ள அங்கி மார்பிலும் கழுத்திலும் படிந்திருக்கும். நினைவில்லாமல் குப்புற விழுந்தவரையும் மல்லாக்கத் திருப்பி, வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பிடித்துக்கொள்வதற்காகவே அதை வடிவமைத்திருக்கிறார்கள். 50 நியூட்டன் என்று எழுதியிருந்தால், அது கரையோரத்தில் நீந்தத் தெரிந்தவர்களுக்கு மட்டும். வாங்கும்போது உள்பக்கத்தில் தைத்திருக்கும் சீட்டில் அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.