கூரைமேல் பெய்யும் செல்வம்

(லிங்கராஜபுரத்தில் நம் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கடவுள் வாழ்த்துக்கு அடுத்த இடத்தை மழைக்கு அளித்தார் திருவள்ளுவர். நாமோ அதனைச் சாக்கடைக்கு அளித்துவிட்டோம். பெருமழை பெய்தால் தெருவில் வெள்ளம் ஓடுகிறது; கோடை வந்தால் தண்ணீர் லாரியை எதிர்நோக்கிக் குடங்கள் காத்துக் கிடக்கின்றன. 2024ஆம் ஆண்டுக் கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி இந்நகரமே கலங்கியதை யாவரும் அறிவோம்.

பெங்களூருக்கு 1974 முதல் காவிரி நீர் வருகிறது. ஏறத்தாழ 100 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்துக்கு மின்பொறிகளால் ஏற்றி அனுப்புகின்றனர். அந்தக் காவிரி வற்றும் ஆண்டுகளில் இரு மாநிலங்களும் வழக்காடுகின்றன. இடையில் வாழ்பவர் நாம். 1991லும் 2016லும் கதவைத் தாழிட்டுக்கொண்டு அஞ்சியிருந்த நாட்களை இங்குள்ள மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் இந்நகரின் குடிநீருக்கென 4.75 டி.எம்.சி. நீரைக் கூடுதலாக ஒதுக்கியது. ஆயினும் நகரம் வளர்கிறது; ஆறு வளர்வதில்லை. நாம் கூரையில் பிடிக்கும் ஒவ்வொரு குடமும் காவிரியிடம் கேளாத குடம் அன்றோ?

கணக்கைப் பாருங்கள். இங்கு ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. 1,200 சதுர அடிக் கூரையின்மேல் அது ஏறத்தாழ ஓர் இலட்சம் லிட்டர்! இந்நகரின் விஜயநகரில் அறிவியலறிஞர் ஏ. ஆர். சிவகுமார் அவர்கள் 1995 முதல் தம் இல்லத்தில் மழைநீரைக் கொண்டே வாழ்ந்து வழிகாட்டினார்.

தமிழ்நாட்டில் 2003இல் அவசரச் சட்டத்தால் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயமாயிற்று. இங்கு 2009இல் சட்டம் வந்தது. புதிய வீடாயின் 1,200 சதுர அடி மனையும், பழைய வீடாயின் 2,400 சதுர அடி மனையும் அதற்கு எல்லை. நம்மவருள் பலர் வாழ்வது அதனினும் சிறிய மனைகளில். சட்டம் நம்மைக் கேட்கவில்லை. வறட்சி நம்மை விட்டுவைக்குமா?

ஆதலின் அரசுக்கு ஒரு வேண்டுகோள். மழைநீரைச் சேமியாத பெரிய வீடுகளிடம் குடிநீர் வாரியம் அபராதம் பெறுகிறது. அப்பணம், சிறிய வீடுகளுக்குக் குழாயும் வடிகட்டியும் அமைக்கும் உதவியாகத் திரும்பி வரவேண்டும்.

தொழிலதிபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரிய நிறுவனங்கள் தம் இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம். அதில் ஒரு பகுதியால் நம் பூங்காக்களிலும் பள்ளித் திடல்களிலும் நீர் ஊட்டும் கிணறுகளைத் தோண்டட்டும். பரம்பரையாகக் கிணறு வெட்டும் மண்ணு ஒட்டர் குடும்பங்களுக்கும் அதனால் பிழைப்பு உண்டாகும்.

அவர்கள் வரும்வரை நாம் வாளாவிருத்தல் தகாது. மழைக்கு முன் மாடியைக் கூட்டுவோம். முதல் மழையை வெளியே விட்டு, அடுத்த மழையை வடிகட்டித் தொட்டியில் சேர்ப்போம். வாடகைக்கு இருப்போர் வீட்டுக்காரரிடம் எடுத்துரைப்போம். ஒரு தெருவார் கூடினால் ஒரு கிணறு தோண்ட இயலாதா? அண்டை வீட்டுக் கன்னட அன்பர்களையும் உடன் அழைப்போம். நம் அனைவருக்கும் நிலத்தடி நீர் ஒன்றே.

காவிரி எவர்க்கு என்பதில் வழக்குண்டு. நம் கூரைமேல் விழும் மழைக்கு வழக்கில்லை. அதனை ஏற்போம்.