பச்சைப் புள்ளியின் சாட்சியம்

அலுவலகங்களில் ஊழியர்கள் ஒருவரோடொருவர் செய்தி பரிமாறிக்கொள்வதற்குக் கணினிச் செயலிகள் பல இன்று வழங்கி வருகின்றன. ஸ்லாக், மைக்ரோசாப்ட் டீம்ஸ் என்பன அமெரிக்க நிறுவனங்களுடையவை. கிளிக் என்பது நம் தமிழ்நாட்டு ஜோஹோ நிறுவனத்தின் படைப்பு. இவற்றில் ஒருவர் பெயருக்கருகே சிறு புள்ளி ஒன்று தோன்றும். அது பச்சையாயின் அவரோடு பேசலாம் என்பது பொருள். நாகர்கோவிலில் இரயிலேறித் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிற்கு நாள்தோறும் சென்று வரும் உங்கள் அண்ணன்மாரும் அக்காமாரும் இப்புள்ளியை நன்கு அறிவர்.

புள்ளியை மாற்ற மனிதர் மறந்துவிடுவதுண்டு. ஆகவே, இயந்திரமே அதனை மாற்றும் ஏற்பாடு வந்தது. அவ்வியந்திரம் எதைக் கண்டு மாற்றவேண்டும் என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய பொருள்.

இவ்வினா புதியதன்று. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் லெஸ் எர்னஸ்ட் என்பவர் 1971ஆம் ஆண்டில் 'பிங்கர்' என்னும் நிரலை எழுதினார். கணினியில் இப்போது யார் யார் இருக்கின்றனர், அவர்கள் விசைப்பலகையைத் தொட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பவற்றை அது காட்டிற்று. தாம் எங்கே சென்றிருக்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை அவரவரே எழுதி வைக்கவும் அதில் இடம் இருந்தது. ஆக, இயந்திரம் எண்ணிய நிமிடங்கள் ஒருபுறம். மனிதன் தந்த சொல் மறுபுறம். இன்றைய செயலிகள் யாவும் இவ்விரு வழிகளிலேயே நடக்கின்றன.

முதல் வழியைப் பாருங்கள். கணினி ஓய்ந்திருந்தால் டீம்ஸ் 5 நிமிடங்களிலும் ஸ்லாக் 10 நிமிடங்களிலும் 'இருக்கையில் இல்லை' என்று காட்டிவிடுகின்றன. ஆனால், கடினமான கணக்கிற்கு விடை தேடும் மாணவன் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டுச் சாளரத்தை நோக்கியிருப்பான். ஆசிரியர் எவரும் அவனைச் சோம்பேறி என்னார். இயந்திரத்திற்கோ விரலசைவு தெரியும், சிந்தனை தெரியாது. நெரிசல் மிக்க இரயிலில் கைபேசியைத் திறந்தபடி நிற்பவருக்கும் அது பச்சைப் புள்ளி இட்டுவிடும்.

இப்புள்ளியைக் கொண்டு மேலதிகாரிகள் உழைப்பை அளக்கத் தொடங்கினால் விளைவு என்ன? சுட்டியைத் தானாக அசைத்துக்கொண்டிருக்கும் சிறு கருவிகள் கடைக்கு வந்துவிட்டன. விசைப்பலகை இயங்குவதுபோல் பாவனை செய்ததற்காக அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி 2024ஆம் ஆண்டில் பன்னிரண்டுக்கும் மேற்பட்ட ஊழியர்களை நீக்கியது. பொய் சொல்வது தவறே. ஆயினும், அசைவை உழைப்பென்று கொள்ளும் அளவுகோல் பொய்யான அசைவை வரவழைக்கும் என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாம் வழிக்கு உவமை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. வானொலி நிலையங்களில் ஒலிப்பதிவு அறையின் வாயிலில் சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. உள்ளே ஒலிவாங்கியைத் திறந்தவுடன் தானே எரியுமாறு அதனை அமைப்பர். பேசுபவரின் உதடு அசைகிறதா என்று அவ்விளக்கு உளவு பார்ப்பதில்லை. உள்ளிருப்போர் செய்த முடிவை வெளியே அறிவிக்கிறது. அவ்வாறே, ஒருவர் தம் நாட்குறிப்பில் பத்து மணிக்குக் கூட்டம் என்று குறித்து வைத்தால், நிரல் அதனைப் படித்துப் பத்து மணிக்குக் குறியை மாற்றலாம். கூட்டம் முடிந்ததும் தானே நீக்கிவிடலாம். இந்தக் கெடு இன்றியமையாதது. நேற்றைய கூட்டத்தை இன்றும் அறிவிக்கும் குறியை ஒருவரும் நம்பார். நாட்குறிப்பிலும் பிழை நேரலாம். அதனை உடனே திருத்தும் உரிமை அவருடைய கையில் இருத்தல் வேண்டும்.

இளைஞர்களே! நாளை உங்களுள் சிலர் இத்தகைய நிரல்களை எழுதுவீர்கள்; பலர் அவற்றின் கீழ்ப் பணியாற்றுவீர்கள். எழுதுவோர், இயந்திரத்தை மனிதனின் சொல்லுக்குத் தூதனாக்குங்கள். அவன்மீது ஒற்றனாக ஏவாதீர்கள். பணியாற்றுவோர், உங்கள் குறி உண்மையாக இருக்கும்படி காத்துக்கொள்ளுங்கள். பிறர் 'இடையூறு வேண்டா' என்று குறித்திருப்பின் அதனை மதியுங்கள். பிறருக்கு மறுமொழி கூறும் நேரம் எவ்வளவு அவசியமோ, தனித்திருந்து சிந்திக்கும் நேரமும் அவ்வளவு அவசியம். அவ்விரண்டையும் நேர்மையாக அறிவிக்கும் இடத்தில்தான் ஒருவரையொருவர் நம்பி வேலை செய்தல் இயலும்.