பந்து சோறு போடுமா?

(ஏரவாடா கிளையின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் நான் பேசுவது ரேஷன் கார்டு, வீட்டு வாடகை, பி.எஃப். பணம். இன்று பந்தாட்டம் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் செயலாளர் தோழர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் தோழர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். பெயர் வேண்டாம். கட்டட வேலை செய்கிறவர். அவர் கையில் பள்ளிக்கூடம் கொடுத்தனுப்பிய ஒரு படிவம். ஒன்பதாவது படிக்கும் அவருடைய மகளை மாவட்டப் பெண்கள் கால்பந்துத் தேர்வுக்கு அனுப்பலாம் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். தகப்பனார் கையெழுத்து வேண்டும். "அண்ணே, பந்தை உதைச்சா சோறு கிடைக்குமா? பத்தாவது முடிஞ்சதும் ஊர்ல பாட்டி வீட்டுல கொண்டுபோய் விட்டுடலாம்னு இருக்கேன். இந்த நேரத்துல இது எதுக்கு?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். பதில் எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. அதற்குப் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இப்போது உங்கள் முன் வைக்கிறேன். அவர் கேட்டதில் தவறே இல்லை. கூலிக்காரன் கேட்கவேண்டிய முதல் கேள்வி அதுதான்.

கடலூரில் பிறந்த இந்துமதி கதிரேசன் என்ற பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். 1994இல் பிறந்தவர். நடுக்களத்தில் ஆடுகிறவர். அந்தக் கடலூரில் சுனாமிக்குப் பிறகு அரசு இல்லத்துப் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் பந்து சொல்லிக்கொடுத்த மாரியப்பன் என்ற பயிற்சியாளர் இருந்தார். அந்த மண்ணிலிருந்து பெண்கள் வரிசையாகக் கிளம்பி வந்தார்கள். 2018இல் தமிழ்நாட்டுப் பெண்கள் அணி, கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வீழ்த்தித் தேசியப் பட்டத்தை முதல் தடவையாக வென்றது. பெண்கள் கால்பந்தில் மணிப்பூர் என்றால் லேசுப்பட்ட அணி அல்ல. பட்டத்தைச் சொந்த வீட்டுப் பாத்திரம்போல் வைத்திருந்தவர்கள். 2023இல் அமிர்தசரசில் மறுபடியும் தமிழ்நாடு வென்றது.

இந்துமதி 2017 ஜனவரி 4ஆம் தேதி சிலிகுரியில், தெற்காசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், வங்கதேசத்துக்கு எதிராக ஒரு கோல் போட்டார். இந்தியா 3-1 என்று வென்றது. 2019இல் மதுரையின் சேது எஃப்.சி. அணி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றபோது அந்த அணியிலும் இருந்தார். இப்படிப்பட்டவருக்கு மாதச் சம்பளம் கொடுத்தது எது? பந்து அல்ல, போலீஸ். தமிழ்நாடு காவல்துறையில் அவர் சப்-இன்ஸ்பெக்டர். 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, நாட்டுக்காக ஆடிய அதே பெண், காக்கி உடுப்பில் சென்னைத் தெருவில் நின்று டூட்டி பார்த்தார். பந்து அவருக்கு வேலையின் கதவைத் திறந்துவிட்டது. சோறு போட்டது வேலைதான்.

இது அவர் ஒருவர் கதை அல்ல. நம் நாட்டில் பெண் விளையாட்டுக்காரர் என்றால் போலீஸ், ரயில்வே, எல்லைக் காவல் படை என்றுதான் போகிறது. 2025 ஜூலை 5ஆம் தேதி சியாங் மாய் நகரத்தில் தாய்லாந்தை 2-1 என்று வென்று, 2026 ஆசியக் கோப்பைக்கு நம் பெண்கள் தகுதி பெற்றார்கள் அல்லவா? இரண்டு கோலையும் போட்ட வங்காளத்துப் பெண் சங்கீதா பாஸ்போர், சஷஸ்திர சீமா பல் படையில் வேலை பார்க்கிறவர்.

அப்படியானால் பந்துக்கென்று தனியாகக் கூலி கிடையாதா? 1975இல் லக்னோவில் பெண்களின் முதல் தேசியப் போட்டி நடந்தது. 1980இல் கோழிக்கோட்டிலும் 1983இல் பாங்காக்கிலும் நம் பெண்கள் ஆசியாவிலேயே இரண்டாவது இடம் பிடித்தார்கள். 1983இல் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது வாங்கினார். ஆனால் பெண்களுக்கென்று ஒரு லீக் வைக்க நம்மவர்களுக்கு 2017 ஜனவரிக் கடைசி வரைக்கும் ஆயிற்று. நாற்பத்திரண்டு வருஷம்! அதுவும் தில்லியில் ஆறு அணிகள். மூன்று வாரம்கூட நடக்கவில்லை.

அதே வாரத்தில், 2017 பிப்ரவரி 3ஆம் தேதி, ஆஸ்திரேலியாவில் இன்னொரு பெண்கள் லீக் தொடங்கியது. அது நம் கால்பந்து அல்ல. அந்த நாட்டுக்கே உரிய ஒரு ஆட்டம். பந்து தேங்காய்போல் நீளவாட்டில் இருக்கும். மைதானமும் முட்டை வடிவம். உதைக்கலாம், கையால் குத்தியும் கொடுக்கலாம். இரண்டு பக்கமும் நான்கு நான்கு கம்பம். நடுக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 6 புள்ளி, ஓரத்தில் போனால் 1. மெல்பர்னில் குடியேறியிருக்கும் நம் ஆட்கள் சொல்வார்கள், அங்கே ஃபுட்பால் என்றாலே இதுதான் என்று. முதல் நாள் ஆட்டத்துக்கு 24,500 பேர் வந்து, மைதானம் நிரம்பி, கதவைச் சாத்திவிட்டார்கள்.

அந்த ஊர்க் கதையை ஏன் இழுக்கிறேன் என்றால், அங்கே கூலிப் பேச்சு நடந்த விதம் நமக்குப் பாடம்.

அந்த லீக்கின் பெரிய ஆட்டக்காரர் எரின் ஃபிலிப்ஸ். தகப்பனாரும் பேர்பெற்ற ஆட்டக்காரர். சின்னவயதில் பையன்களோடு ஆடிய பெண்ணை 13 வயதில் நிறுத்திவிட்டார்கள். அதற்கு மேல் பெண்களுக்கு அங்கே வழியில்லை. அவர் கூடைப்பந்துக்குப் போய், ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கி, அமெரிக்காவில் தொழில்முறையாக ஆடிச் சம்பாதித்தார். தன் சொந்த ஆட்டத்துக்குத் திரும்பி வந்தபோது வயது 31. வந்த முதல் வருஷமே அந்த லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் பரிசு. 2019இல் மறுபடியும். அந்த வருஷ இறுதி ஆட்டத்தை அடிலெய்டில் 53,034 பேர் பார்த்தார்கள். அதில்தான் முழங்கால் ஜவ்வு கிழிந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 2023இல் ஓய்வு பெற்றார். பதின்மூன்று வயதிலிருந்து முப்பத்தொன்று வரை போன வருஷங்களை யார் திருப்பிக் கொடுப்பது?

சரி, கூலிக்கு வருவோம். நிர்வாகம் முதலில் பெரும்பாலான பெண்களுக்குச் சொன்ன தொகை, ஒரு சீசனுக்கு 5,000 டாலர். அந்த நேரத்தில் அந்த நாட்டில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியே வருஷத்துக்கு 35,000 டாலர் அளவில் இருந்தது. ஆண் ஆட்டக்காரர்களின் சராசரி மூன்று லட்சம் டாலர். பெண்கள் என்ன செய்தார்கள்? "வாய்ப்புக் கொடுத்ததே பெரிசு" என்று வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடவில்லை. ஆட்டக்காரர் சங்கம் மூலமாகப் பேசினார்கள். தொகை 8,500 ஆயிற்று. அன்றைய மதிப்பில் நம் பணத்துக்கு நாலேகால் லட்சம். பெரிய பெயர்களுக்கு 27,000. பூட்ஸ் வாங்கிக் கொடுப்பதும் ஒப்பந்தத்தில் ஏறியது.

ஆனாலும் பிழைப்புக்குப் போதவில்லை. பகலில் ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை, மாலையில் பயிற்சி. 2019இல் புதிய ஒப்பந்தம் வந்தது. ஓட்டுக்கு விட்டார்கள். நிறைவேற நூற்றுக்கு 75 வேண்டும், கிடைத்தது 70. ஆட்டங்களின் எண்ணிக்கை போதாது என்று மீதிப்பேர் அசையவில்லை. மறுபடி பேசித் திருத்திய பிறகுதான் முடிந்தது. நம் யூனியன் கூட்டங்களில் 51 வந்ததும் மாலை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறோமே, நினைத்துப் பாருங்கள்! 2023இல் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்து ஒரே ஒப்பந்தம் என்றே ஆகிவிட்டது. பெண்களின் சராசரிச் சம்பளம் 2027க்குள் 82,000 டாலராக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆண்களின் தொகைக்குப் பக்கத்தில் அது இன்னும் வரவில்லை. ஆனால் ஆறேழு வருஷத்தில் 8,500 எங்கே, இது எங்கே?

இங்கே அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2023இல் ஒன்று அறிவித்தது: லீக்கில் ஆடும் ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது பத்து இந்தியப் பெண்களுக்கு வருஷத்துக்கு 3 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் ஒப்பந்தம் போட வேண்டும். நல்லது, வரவேற்போம். ஆனால் மேலிருந்து கொடுத்தது வேறு, கீழிருந்து கேட்டு வாங்கியது வேறு என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் புனேயிலேயே நடந்தது தெரியுமா? இங்கிருந்து பஸ் ஏறினால் பாலேவாடி. அங்கேதான் கொரியப் பெண்கள் ஆஸ்திரேலியாவை 1-0 என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கொரோனாவால் பார்வையாளர்களை விடவில்லை. நம் பெண்கள் ஈரானோடு ஒரு ஆட்டம் ஆடினார்கள். அதற்குள் முகாமில் தொற்று பரவி, ஆட்டத்துக்குக் குறைந்தபட்சம் வேண்டிய பதின்மூன்று பேர் தேறாமல், போட்டியிலிருந்தே வெளியேற வேண்டியதாயிற்று. சொந்த நாட்டில், பல வருஷம் காத்திருந்த போட்டி. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

இனி நம் பிரச்சினை. ஏரவாடாவில் இருக்கும் தமிழ்ப் பெண் எந்த மாநிலத்துப் பெண்?

தமிழ்நாட்டில் சப்-இன்ஸ்பெக்டர் தேர்வில் விளையாட்டுக்காரர்களுக்கு நூற்றுக்குப் பத்து இடம். அங்கே ஆடிய சான்றிதழ் நம் பிள்ளையிடம் இருக்காது. மகாராஷ்டிரத்தில் அரசு வேலைக்கு ஐந்து சதவீத விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. அதற்குப் பதினைந்து வருஷக் குடியிருப்புச் சான்று கேட்பார்கள். நம்மில் எத்தனை பேரிடம் பதினைந்து வருஷத்துக்குத் தொடர்ச்சியாக ஒரு காகிதம் இருக்கிறது? குடிசையை இடித்தபோது ஒரு முகவரி, சாலுக்கு மாறியபோது ஒரு முகவரி, ரேஷன் கார்டு ஊரில். பிரசவத்துக்குத் தாய்வீடு போனதால் பிறப்புச் சான்றிதழும் ஊரில், அதிலே பெயர் ஒரு எழுத்து வித்தியாசம். பிள்ளை நன்றாகத்தான் ஆடுகிறாள், காகிதம்தான் தோற்றுப்போகிறது.

நான் ரயில்வே குமாஸ்தா என்பதால் ஒன்று சொல்ல முடியும். ரயில்வேக்கு மாநிலம் கிடையாது. விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு இந்தியாவில் எங்கிருந்தும் மனுப் போடலாம். வயது 18 முதல் 25. மனுதாரர் எந்த மட்டத்தில் ஆடினார் என்பதற்கு 50 மார்க், நேரில் ஆடிக் காட்டுவதற்கு 40, படிப்புக்கு 10 என்றுதான் நான் பார்த்த அறிவிப்புகளில் இருந்தது. பத்தாவது தேறாதவர் வாசலைத் தாண்ட முடியாது. மாநில அணி வரைக்கும் போகாமல் அந்த 50இல் ஒன்றும் தேறாது. மாநில அணிக்கு வழி மாவட்டத் தேர்வு. அந்தத் தோழர் கையில் வைத்திருந்த படிவம் என்ன காகிதம் என்று இப்போது புரிகிறதா?

ஆடுகிறவர்கள் எல்லாரும் இந்துமதி ஆகிவிட மாட்டார்கள். நூறு பேரில் ஒருவருக்கு வேலை கிடைத்தால் பெரிது. அதை மறைத்து உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் பத்தாவதோடு ஊருக்கு அனுப்பப்படும் நூறு பெண்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. என் தங்கை ஊரில் கபடி ஆடினாள். மாவட்டம் வரை போனாள். நான் அப்போதுதான் ரயில்வேயில் சேர்ந்து இங்கே வந்திருந்தேன். வேலைக்காரன் ஆகிவிட்ட தலைக்கனம். "கால்சட்டை போட்டு ஊர் ஊராகப் போவது போதும், நிறுத்தச் சொல்லுங்கள்" என்று அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். நிறுத்திவிட்டார்கள். இன்று திருப்பூரில் பனியன் தைக்கிறாள். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது டி.வி.யில் பெண்கள் கபடி ஓடிக்கொண்டிருந்தது. பேசாமல் எழுந்து அடுப்படிக்குப் போனாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே கிளைக் குழு சில முடிவுகள் எடுத்திருக்கிறது. ஞாயிறு காலை ஏழிலிருந்து ஒன்பது வரை மைதானத்தின் ஒரு பாதி பெண்பிள்ளைகளுக்கு. கிரிக்கெட் ஆடும் தம்பிகளிடம் பேசியாகிவிட்டது, முணுமுணுத்தார்கள், ஒப்புக்கொண்டார்கள். அந்த நேரத்தில்தான் குழாயில் தண்ணீர் வருகிறது, தெரியும். அன்று ஒருநாள் அப்பாமார்கள், அண்ணன்மார்கள் குடத்தைத் தூக்கட்டும்; இடுப்பு ஒடிந்துவிடாது. பூட்ஸ் வாங்கச் சந்தா வசூல் தொடங்கியாகிவிட்டது, ரசீது உண்டு.

காகித வேலைக்குச் செவ்வாய் இரவு எட்டு மணிக்கு மேல் சங்க அறையில் இருப்பேன். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிக்கூடச் சான்று, இரண்டு போட்டோ கொண்டு வாருங்கள். பெயரில் எழுத்து மாறியிருந்தால் அதையும் அப்படியே கொண்டு வாருங்கள், திருத்த மனு எழுதலாம். மாவட்டத் தேர்வுப் படிவத்துக்குக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.