சக்தி வந்த பிறகுதான் கைதட்டுவோமா?

(மாமல்லபுரம் அருகே நடந்த வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'லோகா' படத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். இங்கே பாதிப் பேருக்கு மேல் அதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் படத்தை விட்டுவிட்டு, படம் பார்த்த நம்மைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

2025 ஆகஸ்ட் இறுதியில் வெளியான மலையாளப் படம். இயக்கம் டொமினிக் அருண், நாயகி கல்யாணி பிரியதர்ஷன். உலக அளவில் 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூல். பெண்ணை சூப்பர் ஹீரோவாக வைத்தால் படம் ஓடாது என்று சொல்லிவந்தவர்களின் வாயை அது அடைத்தது. அந்த மகிழ்ச்சி எனக்கும் உண்டு.

கதையின் வேர் கள்ளியங்காட்டு நீலி. கேரளத்து வாய்மொழிக் கதையில் அவள் ஆளைக் கொல்லும் யட்சி. கடமற்றத்துக் கத்தனார் என்ற பாதிரியார் அவளை அடக்குகிறார். நமக்கும் நீலி புதியவள் அல்ல. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில்தான் பழையனூர் இருக்கிறது. கணவனால் கொல்லப்பட்டு, பேயாக வந்து பழிதீர்த்த பழையனூர் நீலியின் கதை அங்கே வழங்குகிறது. கொலை செய்தவன் பெயரை மொழி மறந்துவிட்டது. கொலையுண்டவள் அழுததை மட்டும் 'நீலிக் கண்ணீர்' என்று, பொய் அழுகைக்குப் பெயராக வைத்துக்கொண்டோம்.

'லோகா' இதைத் திருப்பிப் போடுகிறது. நீலி ஒரு பழங்குடிச் சிறுமி. நுழையக் கூடாத கோயிலுக்குள் நுழைந்ததற்காக அரசனின் ஆட்கள் அவள் சனங்களைத் தாக்குகிறார்கள். அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சக்தி வருகிறது. யட்சி என்று நாம் பயந்தவள், தீண்டாமைக்குப் பலியானவர்களின் மகள்.

செங்கல்பட்டில் ஒரு திரையரங்கில் பார்த்தேன். சிறுமி திருப்பி அடிக்கும்போது அரங்கம் அதிர்ந்தது. விசில், கைதட்டல், செல்பேசி வெளிச்சம். என் நண்பர் ஒருவர் வெளியே வந்ததும், "மெசேஜ் எதுவும் சொல்லாம ஜாலியா இருந்துச்சு" என்றார். இதே நண்பர் 2023இல் 'மாமன்னன்' வந்தபோது, "எதுக்கு சினிமாவுல போய் சாதிய இழுக்குறாங்க?" என்று கேட்டவர். கோயில் நுழைவுக்காக ஒரு குடியிருப்பையே தாக்கும் காட்சியைப் பார்த்த பிறகும் அவருக்கு மெசேஜ் எதுவும் தென்படவில்லை.

காரணம் எளிது. அந்த அரசனுக்கு நம் ஊர்ப் பெயர் இல்லை, நம் தெருப் பெயர் இல்லை. எப்போதோ, எங்கோ இருந்தவன். அவனை வெறுக்க நாம் எதையும் இழக்க வேண்டியதில்லை. 'மாமன்னன்' காட்டும் ஆள் பக்கத்து வீட்டில் இருக்கிறார். சில நேரம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்.

எப்போதோ நடந்த கதையா இது? 2021இல் இதே மாமல்லபுரத்தில், தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து நரிக்குறவர் சமூகப் பெண் ஒருவர் விரட்டப்பட்டார். அவர் பேசிய காணொளி பரவியது. பிறகு அமைச்சர் வந்து அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4 அன்று முதல்வர் பூஞ்சேரிக்கே வந்தார். 2023 மார்ச் மாதம் சென்னை ரோகிணி திரையரங்கில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலிலேயே நிறுத்தினார்கள். காணொளி பரவிய பிறகு உள்ளே விட்டார்கள். படத்துக்கு யு/ஏ சான்றிதழ் என்பதால் தடுத்தோம் என்று காரணம் சொன்னார்கள். கோயில், தியேட்டர் இரண்டின் வாசலும் இங்கே இன்னும் எல்லோருக்கும் ஒரே மாதிரி திறப்பதில்லை.

அன்று என்னோடு, கிழக்குக் கடற்கரைச் சாலையோரக் குடியிருப்பிலிருந்து ஓர் இருளர் தங்கையும் அவள் அம்மாவும் வந்திருந்தார்கள். நான்தான் அழைத்துப் போனேன். 2018இல் 'பிளாக் பாந்தர்' வந்தபோது, ஹார்லெம் பகுதிக் கறுப்பினப் பிள்ளைகளை அழைத்துப் போக நிதி திரட்டினார்கள் அல்லவா, அந்த ஆசை எனக்கும் இருந்தது. அரங்கம் ஆர்ப்பரித்தபோது நான் இருவரின் முகத்தையும் பார்த்தேன். ஆய்வு செய்பவளின் கெட்ட பழக்கம். தங்கை விசிலடித்தாள். அம்மா கைதட்டவில்லை.

பேருந்து நிறுத்தத்தில் கேட்டேன். "சக்தி வந்தப்புறந்தானே கை தட்டுறாங்க. அதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணு உசுருக்கு ஓடுச்சே, அப்ப யாரும் ஒண்ணும் சொல்லலையே" என்றார்.

நோட்டில் 'பிரதிநிதித்துவம்' என்று எழுதி வைத்திருந்தேன். அதற்கு மேல் ஒரு வரியும் எழுத முடியவில்லை.

அந்தத் தங்கை பிளஸ் டூ முடித்தவள். பழங்குடிச் சான்றிதழ் கிடைக்காமல் கல்லூரிச் சேர்க்கை தள்ளிப்போயிருக்கிறது. அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் சான்றிதழ் இருந்ததில்லை. விசாரணைக்குப் போன இடத்தில், "பாம்பு பிடிக்கத் தெரியுமா? பிடிச்சுக் காட்டு" என்று கேட்டார்களாம். சிரித்துக்கொண்டே கேட்டார்களாம்.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. பாம்புக்கடிக்கு மருந்து செய்யத் தேவைப்படும் நஞ்சை நாட்டுக்குத் தருகிறவர்கள் அவர்கள். வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அது கற்றுத் தேர்ந்த தொழிலறிவு, அவர்களின் பெருமை. அதையே ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணிடம் வித்தை காட்டச் சொல்லிக் கேட்டால் அது அவமானம்.

கைதட்டிய அரங்கமும் சிரித்துக் கேட்ட அந்த மேசையும் ஒன்றையேதான் கேட்கின்றன: சாகசம் காட்டு, அப்புறம் உன்னை நம்புகிறோம். சக்தி வராத நீலிக்கு, பாம்பு பிடிக்கத் தெரியாத இருளர் பெண்ணுக்கு, சாதாரணமாக வாழ மட்டுமே ஆசைப்படுகிறவருக்கு உரிமை கிடையாதா? சமத்துவம் என்பது திறமைக்குத் தரும் பரிசு இல்லை, தோழர்களே. எந்தத் திறமையும் இல்லாதவருக்கும் உரியது அது.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில்தான் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்தது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விடவேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அங்கே கூடியவர்களுக்குப் பறக்கும் சக்தி ஏதும் இல்லை. கூட்டம் போட்டார்கள், பேசினார்கள், ஊருக்குத் திரும்பிப் போய் வேலை செய்தார்கள்.

படத்தைப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை. நானும் இரண்டாம் முறை பார்த்தேன். தங்கைதான் இழுத்துப் போனாள். நீலி ஓடும் காட்சியில் இந்த முறை எனக்குத் தொண்டை அடைத்தது.

கடைசியாக ஒன்று. வரும் ஞாயிறு காலை அந்தக் குடியிருப்பில் சான்றிதழ் விண்ணப்பங்களை எழுதப்போகிறோம். பள்ளிப் பதிவு, உறவினர் சான்று, குடும்ப வரலாறு எல்லாம் வீடு வீடாகக் கேட்டுத் தொகுக்க வேண்டும். தெளிவாகத் தமிழ் எழுதத் தெரிந்த பத்துப் பேர் போதும். சக்தி எதுவும் தேவையில்லை, பேனா மட்டும் கொண்டு வாருங்கள்.