பேத்திக்கு எந்தப் பள்ளி? எந்த மொழி?

(நமது சங்கத்தின் தில்லிக் கிளையில் நடந்த குடும்பக் கூட்டத்தில் பேசியது. வெளியூர் அங்கத்தினர்களும் படிப்பார்கள் என்பதால் சில தகவல்களைச் சேர்த்திருக்கிறேன்.)



நான் கல்வி நிபுணன் அல்ல. பௌதிகத்தில் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு 1974-ல் தில்லிக்கு வந்து, மத்திய சர்க்கார் இலாகா ஒன்றில் முப்பத்தேழு வருஷம் கோப்புகளோடு காலம் தள்ளியவன். ஆனால் ஓய்வு பெற்ற சர்க்கார் உத்தியோகஸ்தன் என்றால், சுற்றறிக்கை படிக்கத் தெரிந்தவன் என்று ஒரு நம்பிக்கை நம்மவர்களிடம் உண்டு. அதனால் மாற்றலாகித் தில்லிக்கு வரும் குடும்பங்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி வீட்டு வாடகை பற்றியது. இரண்டாவது, குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது. அந்த இரண்டாவது கேள்வி சமீபத்தில் என் வீட்டுக்கே வந்துவிட்டது.

என் பெண்ணைக் கன்னடக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை மத்திய அரசு ஊழியர். பேத்தி பெங்களூரில் எட்டாம் வகுப்பு முடித்தவள். அம்மாவோடு தமிழ், பாட்டியோடு கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், மூன்றாவது மொழியாக ஏதோ கொஞ்சம் இந்தி. இப்படி நான்கு மொழிகளோடு ஒரு குழந்தை ஒன்பதாம் வகுப்பில் சேர வந்து நின்றால், அது பெருமையா பிரச்னையா? ஒரு தனியார் பள்ளியில் விசாரித்தோம். அங்கே இருந்தவர் படிவத்தைப் பார்த்துவிட்டு, "இந்தி வீக்கா? அப்போ கஷ்டம்" என்றார். மற்ற மூன்று மொழிகளைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

இந்த இடத்தில் ஒரு விதியைச் சொல்லியாக வேண்டும். சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு இரண்டு மொழிகள். அவற்றில் ஒன்று இந்தியாகவோ ஆங்கிலமாகவோ இருக்க வேண்டும் என்பதுதான் பல்லாண்டுகளாக இருந்துவந்த ஏற்பாடு. ஆங்கிலமும் தமிழும் எடுக்கலாம், ஆங்கிலமும் கன்னடமும் எடுக்கலாம். இந்தியிலேயே 'ஏ' கோர்ஸ், 'பி' கோர்ஸ் என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். பின்னது இந்தியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களை உத்தேசித்தது. இதெல்லாம் அச்சிட்ட பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. பள்ளி மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் விதி அல்ல, வாத்தியார் இல்லாததுதான். 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையும், அதை ஒட்டி 2023-ல் வந்த பாடத்திட்டச் சட்டகமும் மூன்று மொழிகளைப் பத்தாம் வகுப்பு வரை கொண்டுபோகச் சொல்கின்றன. ஆகவே இது வருஷத்துக்கு வருஷம் மாறக்கூடியது. நீங்கள் சேர்க்கிற வருஷத்துச் சுற்றறிக்கையை நீங்களே படியுங்கள். பக்கத்து வீட்டு மாமி சொன்னதை நம்ப வேண்டாம்; நான் சொல்வதையும்தான்.

எங்கள் முன்னால் இருந்த வழிகள் மூன்று. கேந்திரிய வித்யாலயா, தனியார் பள்ளி, தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி.

கேந்திரிய வித்யாலயா 1963-ல் ஆரம்பித்ததே மாற்றலாகும் மத்திய அரசு ஊழியர்களின் குழந்தைகளுக்காக. பாதி வருஷத்தில் ஊர் மாறினாலும் அதே புத்தகம், அதே பாடம். அதைக் குறை சொன்னால் நன்றி கெட்டவன் ஆவேன். என் பிள்ளைகள் இருவரும் அங்கே படித்தவர்கள்தான். ஆனால் மொழி என்று வந்தால் இந்தி, ஆங்கிலம், சம்ஸ்கிருதம். பதினைந்து பேராவது சேர்ந்து கேட்டால் வட்டார மொழி ஒன்றைச் சொல்லித்தரத் தற்காலிக ஆசிரியர் வைக்கலாம் என்று அவர்கள் விதியில் உண்டு. தில்லியில் ஒரே பள்ளியில் பதினைந்து தமிழ்க் குழந்தைகளைத் திரட்டிப் பாருங்கள், தெரியும்.

சம்ஸ்கிருதம் பற்றி ஒரு வார்த்தை. நம் குடும்பங்களில் பலர், "சம்ஸ்கிருதம் எடுத்தால் மார்க் வரும்" என்று சேர்த்துவிடுகிறார்கள். சம்ஸ்கிருதத்திடம் எனக்கு மிகுந்த பக்தி உண்டு. ஆனால் சப்த ரூபங்களை உருப்போட்டுத் தொண்ணூற்றைந்து வாங்கிவிட்டு, மறு வருஷம் ஒரு சுலோகத்துக்கு அர்த்தம் சொல்லத் தெரியாத குழந்தைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பாஷைக்காகப் படிப்பதானால் தாராளமாகப் படிக்கட்டும். வீட்டில் பேசுகிற மொழியை விட்டுவிட்டு மார்க்குக்காக மட்டும் என்றால் எனக்குச் சம்மதம் இல்லை.

இனித் தமிழ்ப் பள்ளிகள். வெளியூர் அங்கத்தினர்கள் பலருக்கு இது புதுச் செய்தியாக இருக்கும். பிரிட்டிஷ் காலத்தில் சர்க்கார் கோடையில் சிம்லாவுக்கும் குளிர்காலத்தில் தில்லிக்கும் மூட்டை கட்டிப் போகும். கூடவே குமாஸ்தாக்களும் அவர்கள் குடும்பங்களும். அந்தக் குழந்தைகளின் படிப்புக்காக 1923-ல் 'மதராஸி கல்விக் கழகம்' என்று தொடங்கியதுதான் இன்றைய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம். மந்திர் மார்க், லோதி எஸ்டேட், லட்சுமிபாய் நகர், மோதி பாக், ராமகிருஷ்ணபுரம், பூசா ரோடு, ஜனக்புரி என்று ஏழு இடங்களில் பள்ளிகள் வளர்ந்தன. பெயர்களைப் பார்த்தாலே தெரியும், பெரும்பாலும் சர்க்கார் குவார்ட்டர்ஸ் இருந்த இடங்கள், அல்லது அவற்றுக்கு அக்கம்பக்கம். வங்காளிகள், ஆந்திரர்கள், மலையாளிகள், மராட்டியர்கள் எல்லோருமே இப்படித் தங்களுக்கென்று பள்ளிகள் வைத்தார்கள்.

என் நண்பர் ஒருவரின் மகன் அமெரிக்காவில் இருக்கிறார். அவர் தம் பிள்ளைக்கு 'சார்ட்டர் பள்ளி' தேடிக்கொண்டிருந்தார். அது என்ன என்று விசாரித்தேன். 1991-ல் மினசோட்டா மாநிலத்தில் முதன்முதலாகச் சட்டம் போட்டார்களாம். பணம் அரசாங்கத்துடையது, நிர்வாகம் தனி; கட்டணம் கிடையாது; விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். இரண்டு மொழிகளில் பாடம் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளும் அங்கே உண்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. நம் நாட்டில் 1854-ல் சார்லஸ் வுட் அனுப்பிய அறிக்கையிலேயே மானியப் பள்ளி என்ற ஏற்பாடு வந்துவிட்டதே! தில்லியில் 1973-ன் பள்ளிக் கல்விச் சட்டத்தின்படி மானியம் பெறும் பள்ளிகளுக்குச் சம்பளச் செலவில் 95 சதவீதம் அரசு தருகிறது. மீதி 5 சதவீதம் நிர்வாகத்தின் பொறுப்பு. அதோடு அரசியல் சாசனத்தின் 30-வது பிரிவு, மொழிச் சிறுபான்மையினர் தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்தும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. தமிழ்நாட்டில் நாம் பெரும்பான்மை, இங்கே சிறுபான்மை.

பணம் அரசாங்கத்துடையது என்றால் சௌகரியமும் உண்டு, அசௌகரியமும் உண்டு. ஓர் ஆசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்பக் கல்வி இயக்குநரகத்தின் அனுமதி வேண்டும். கோப்பு எப்படி நகரும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை! அதனால் மானியப் பள்ளி எதுவானாலும் போய்ப் பார்க்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பௌதிகத்துக்கும் கணக்குக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, தமிழ் வாத்தியார் எத்தனை வருஷமாக இருக்கிறார், போன வருஷம் பத்தாம் வகுப்பில் தமிழ் எடுத்தவர்கள் எத்தனை பேர், பதினோராம் வகுப்பில் சயன்ஸ் எடுத்தால் தமிழை ஆறாவது பாடமாகத் தொடர டைம் டேபிளில் இடம் உண்டா என்று கேளுங்கள். நான் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போய்த்தான் கேட்டேன். கூடவே வந்த பேத்திக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அதற்கு முன் வீட்டில் ஒரு பரிசோதனை செய்தேன். சயன்ஸ் படித்த புத்தி! ஒளி விலகல் பற்றி ஒரே அளவில் மூன்று பத்திகள், ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று. கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாசிக்கச் சொன்னேன். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு எனக்கு விளக்கச் சொன்னேன். ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு. தமிழை எழுத்துக்கூட்டி வாசித்தாள். நாலு மடங்கு நேரம். ஆனால் விளக்கியபோது விஷயம் முழுவதும் வந்தது. இந்தியைத் தமிழைவிட வேகமாக வாசித்தாள், விளக்கத்தில் ஒன்றும் வரவில்லை. ஜிம் கம்மின்ஸ் என்று கனடா நாட்டுப் பேராசிரியர் ஒருவர் இதைத்தான் சொல்லியிருக்கிறார். புது ஊரில் பேச்சு மொழி இரண்டு வருஷத்தில் வந்துவிடும். பாடம் படிக்கிற அளவுக்கு மொழி வர ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும். ஒரு மொழியில் ஊன்றிய வாசிப்பும் சிந்தனையும் அடுத்த மொழிக்கும் உதவும் என்பது அவர் கட்சி. ஆட்டோக்காரரிடம் இந்தியில் பேரம் பேசுகிறாள் என்பதால் இந்தி இலக்கியப் பாடத்தில் பாஸ் செய்துவிடுவாள் என்று அர்த்தமில்லை. தெருவில் இந்தி தானாக வரும். தமிழ் எழுத்தோ, தில்லித் தெருவில் எங்கே வரும்?

கன்னடத்தை என்ன செய்வது என்று மாப்பிள்ளை கேட்டார். நியாயமான கேள்வி. எழுத்து அவளுக்கு ஏற்கெனவே தெரியும், அதைப் பாட்டியோடு கடிதப் போக்குவரத்தாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. எல்லா மொழியையும் பள்ளிக்கூடத்தின் தலையில் கட்ட முடியாது.

என் பெண்ணுக்குத்தான் தயக்கம். "அப்பா, போர்டு பரீட்சைக்கு ரெண்டே வருஷம். இதுல ரிஸ்க் எடுக்கணுமா? அதோட அங்கே யார் யாரெல்லாம் படிக்கறாளோ" என்றாள். முதல் பாதிக்கு என்னிடம் பதில் இருந்தது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் நடக்கும் பொது நுழைவுத் தேர்வில் மொழித் தாளைத் தமிழ் உட்பட 13 மொழிகளில் எழுதலாம். திரும்பத் தமிழ்நாட்டுக்குப் போனால், 2006-ன் தமிழ் கற்றல் சட்டத்தால் அங்கே பள்ளிகளில் தமிழ் கட்டாயம். பின்னாளில் தமிழ்நாடு தேர்வாணையத்தின் பரீட்சை எழுதுவதானாலும் தமிழ்த் தகுதித் தாள் தேற வேண்டும்.

இரண்டாவது பாதியைத்தான் இந்தச் சபையில் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச விரும்புகிறேன். ஒரு காலத்தில் அந்தப் பள்ளிகளில் நம் குடும்பத்துப் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள். பிறகு வசதி வந்தது, தனியார் பள்ளிகளுக்குப் போய்விட்டோம். வீட்டு வேலை செய்பவர்கள், ஓட்டுநர்கள், கூலி வேலைக்கு வந்த தமிழர்கள், இவர்களுடைய பிள்ளைகளும், தமிழர் அல்லாதவர்களின் பிள்ளைகளும் இன்று அங்கே படிக்கிறார்கள். 2025 ஜூன் மாதம் ஜங்புரா பக்கம் இருந்த மதராஸி கேம்ப் குடிசைகளை நீதிமன்ற உத்தரவின்படி இடித்தார்கள். தகுதி உண்டு என்று கண்டவர்களுக்கு வீடு கொடுத்தது நரேலாவில், நகரத்தின் வடகோடியில். அந்தத் தாய்மார்கள் பத்திரிகைக்காரர்களிடம் சொன்ன கவலைகளில் குழந்தைகளின் பள்ளி முக்கியமானது. வீடு போனதோடு தமிழும் தூரமாகிவிட்டதே என்ற கவலை. அவர்கள் அப்படிப் பற்றிக்கொண்டிருக்கிற பள்ளியை, 'யார் யாரோ படிக்கிற பள்ளி' என்று நாம் ஒதுக்கினால் நஷ்டம் யாருக்கு? நம் வீடுகளில் "தமிழ் பேசுவான், படிக்க வராது" என்று சிரித்துக்கொண்டே சொல்கிற பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். என் பெண்ணிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. பள்ளிக்குப் போய் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு வா என்றேன். போனாள். வந்து சேர்த்துவிட்டாள்.

முதல் பருவத்தில் பேத்திக்குத் தமிழில் 52 மார்க். வீட்டில் ஒரு வாரம் மௌனம். பிறகு ஒரு தோழி பிடித்தாள். அந்தப் பெண்ணின் பூர்வீகம் விழுப்புரம் பக்கம். அவள் தமிழ் சொல்லிக்கொடுக்கிறாள், இவள் ஆங்கிலம். இரண்டாம் பருவத்தில் 68. மொழிகளைச் சேர்த்தால் என் கையெழுத்துக்கும் மதிப்பு வந்திருக்கிறது. தாத்தா 1970-களில் வீட்டுக்கு எழுதிய இன்லண்டு லெட்டர்களை எடுத்து வாசித்துவிட்டு, "தாத்தா, நீங்க அப்பவே சம்பளம் போதலைன்னு புலம்பியிருக்கீங்களே" என்கிறாள்.

கூட்டம் முடிந்ததும் மயூர் விஹார் அன்பர் ஒருவர் கேட்டார்: "இதெல்லாம் சரி சார், எங்கள் வீட்டிலிருந்து போய்வர மூன்று மணி நேரம் ஆகுமே?" மூன்று மணி நேரம் என்றால் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பதிமூன்று வயதுப் பெண்ணின் தூக்கத்தை எடுத்துத் தமிழுக்குக் கொடுப்பது சரியில்லை. அவர்கள் குழந்தைக்கு அருகிலுள்ள பள்ளியே போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் நம் கிளையில் தமிழ் வகுப்பு நடத்தலாம், வாசிக்கவும் எழுதவும் நான் சொல்லித்தருகிறேன் என்றேன். இதுவரை நான்கு பெயர்கள் வந்திருக்கின்றன. இன்னும் யாராவது அனுப்புவதானால், ஒன்பதாம் வகுப்புப் பதிவில் கொடுக்கும் பாடங்களைப் பத்தாம் வகுப்பில் மாற்றுவது கடினம் என்பதால், அந்தப் பதிவுக்கு முன்பே என்னிடம் பேசிவிடவும்.