நாற்காலியில் இருப்பவரை எழுந்திருக்கச் சொன்ன பாட்டு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஜனரஞ்சகக் கலையால் சமுதாயத்துக்கு ஏதாவது நன்மை உண்டா? இதுதான் இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் கேள்வி. எனக்கு முன் பேசியவர்களில் சிலர், பாட்டும் ஆட்டமும் இளைஞர்களைக் கெடுக்கின்றன என்றார்கள். வேறு சிலர், அது வெறும் பொழுதுபோக்கு, விட்டுவிடுங்கள் என்றார்கள். எனக்கு இரண்டு கருத்திலும் உடன்பாடு இல்லை. என் காரணத்தைச் சொல்ல உங்களைப் பக்கத்து நாடான பிலிப்பைன்ஸுக்கு அழைத்துப் போகிறேன்.

அங்கே ஒரு ராப் பாடகர் இருக்கிறார். மேடைப்பெயர் குளோக்-9. சொந்தப் பெயர் அரிஸ்டாட்டில் பொலிஸ்கோ. 1977-இல் பிறந்தவர். மணிலாவுக்கு வெளியே, ரிசால் மாநிலத்தில் உள்ள பினாங்கோனான் என்ற ஊர்க்காரர். மூச்சு விடாமல் சொற்களைக் கொட்டுவதில் கெட்டிக்காரர். ஆனால் அந்நாட்டு மக்கள் அவரை நேசிப்பது வேகத்துக்காக மட்டும் அல்ல. அந்த வேகத்துக்குள் அவர் சொல்லும் கதைகளுக்காக.

ராப் என்றதும் சில பெரியவர்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. அது நமக்கும் அந்நியமானது அல்ல. 2006-இல் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 'வல்லவன்' இசைத்தொகுப்பை வெளியிட்டபோது, தமிழில் இப்படியும் பாடலாமா என்று கேட்டவர்களே பிறகு அதை முணுமுணுத்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

பாட்டுக்கு ஒரு பரம்பரை

குளோக்-9 திடீரென்று முளைத்தவர் அல்ல. பிலிப்பைன்ஸில் பாட்டுக்கும் பொதுவாழ்வுக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. பிரெடி அகிலாரை உங்களில் பலர் அறிந்திருப்பீர்கள். 1978-இல் 'அனாக்' பாடி உலகப் புகழ் பெற்றவர், 2025-இல் காலமானார். அனாக் என்றால் மலாயிலும் பிள்ளைதான், அவர்கள் மொழியிலும் பிள்ளைதான். பெற்றோரை மறந்து வழி தவறிய ஒரு பிள்ளையின் கதை அது. 1983-இல் எதிர்க்கட்சித் தலைவர் நினோய் அக்கினோ சுட்டுக் கொல்லப்பட்டபோது, 'பாயான் கோ' என்ற பழைய நாட்டுப்பற்றுப் பாடலை அதே அகிலார் பாடினார். மார்க்கோஸ் ஆட்சியில் பாடக்கூடாது என்று தடுக்கப்பட்ட பாடல் அது. 1986-இல் மக்கள் தெருவில் திரண்டு மார்க்கோஸை இறக்கிய நாள்களில் அதுவே அவர்களின் வாயில் இருந்தது.

பிறகு 1990-இல் பிரான்சிஸ் மகலோனா வந்தார். ராப் இசையைத் தம் மக்களின் மொழியில், தம் நாட்டைப் பற்றிப் பாட முடியும் என்று காட்டியவர் அவர். குளோக்-9 தம் குருவாக மதித்தது அவரைத்தான். மகலோனா 2009 மார்ச்சில் இரத்தப் புற்றுநோயால் காலமானார். அதே 2009-இல் குளோக்-9 வெளியிட்ட 'மத்ரிகுலா' என்ற இசைத்தொகுப்பில்தான் நான் பேச வந்த பாட்டு இருக்கிறது.

மரியாதையோடு ஒரு கேள்வி

அந்தப் பாட்டின் பெயர் 'உபுவான்'. நாற்காலி என்று பொருள். பதவியையும் அது குறிக்கும். நாம் 'நாற்காலிச் சண்டை' என்று சொல்கிறோமே, அதே நாற்காலிதான்.

பாடுபவர் ஓர் ஏழை. கேட்பவர் பெரிய வாயிற்கதவும் காவலாளிகளும் உள்ள வீட்டில் இருப்பவர். ஏழை தன் வீட்டை வருணிக்கிறார். தகரத் துண்டுகளை ஒட்டுப்போட்டுக் கட்டிய வீடு. இரவில் பனிக்கட்டியையே உருக்கும் அளவுக்கு வெப்பம். அவர் கேட்பது பணம் அல்ல, வேலை அல்ல. உட்கார்ந்திருக்கும் நீங்கள் கொஞ்சம் எழுந்து நின்று பாருங்கள், என் நிலை கண்ணுக்குத் தெரியலாம் என்பதுதான் அவர் வேண்டுகோள். பாட்டின் சாரம் அவ்வளவே.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தகாலோக் மொழியில் 'போ' என்று ஒரு சிறு சொல் இருக்கிறது. நம் காதில் விழுந்தால் விரட்டுவது போல இருக்கும். உண்மையில் அது மரியாதைச் சொல். நாம் 'வாங்க', 'சொல்லுங்க' என்று 'ங்க' சேர்க்கிறோம் அல்லவா, அதைப் போன்றது. பெரியவர்களிடம் பேசும்போது பிள்ளைகள் அதைச் சேர்த்துத்தான் பேச வேண்டும். குளோக்-9 அந்தச் சொல்லை விடாமல் பாடுகிறார். ஏசவில்லை, சபிக்கவில்லை. வீட்டுப் பெரியவரிடம் பேசுவது போலப் பணிவாகக் கேட்கிறார். அந்தப் பணிவுதான் கேட்பவரைக் கூசச் செய்கிறது. ஏசியிருந்தால் பதிலுக்கு ஏசிவிட்டுப் போயிருப்பார்கள். மரியாதையாகக் கேட்டவனுக்கு என்ன பதில் சொல்வது?

இன்னொன்று. அந்தப் பாட்டில் எந்த அரசியல்வாதியின் பெயரும் இல்லை. ஆகவே அது எந்த நாற்காலிக்கும் பொருந்தும். ஊராட்சித் தலைவர் நாற்காலிக்கும், ஆலயத் தலைவர் நாற்காலிக்கும், ஏன், தொலைக்காட்சி நிலையத்தில் என் நாற்காலிக்கும் பொருந்தும்.

அதே ஏழ்மை, வேறு பாட்டு

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம். "அம்மா, ஏழ்மையைப் பாடுவது பெரிய காரியமா? தேர்தல் காலத்தில் எல்லாக் கட்சியும்தான் பாடுகிறது" என்று. நியாயமான கேள்வி. பதிலும் அதே நாட்டில் இருக்கிறது.

2010 மே மாதம் பிலிப்பைன்ஸில் அதிபர் தேர்தல். வேட்பாளர்களில் ஒருவர் மனுவேல் வில்லார், பெரும் செல்வந்தர். அவருடைய பிரச்சாரப் பாடலைச் சிறு பிள்ளைகள் பாடினார்கள். குப்பைக் கடலில் குளித்திருக்கிறாயா என்று கேட்கும் பாட்டு. கேட்பதற்கு இனிமை, நாடு முழுக்கக் குழந்தைகள் பாடித் திரிந்தார்கள். முடிவில் விடையாக வந்தது வேட்பாளரின் பெயர். தேர்தலில் அவர் மூன்றாவதாக வந்தார்.

இரண்டு பாட்டிலும் ஏழ்மை உண்டு, இரண்டும் ஜனரஞ்சகமானவை. வேறுபாடு எங்கே? தேர்தல் பாட்டு ஏழையின் துயரத்தைச் சொல்லிவிட்டு, தீர்வு இந்த மனிதர் என்று கைகாட்டுகிறது. நமக்கு யோசிக்க வேலை இல்லை. 'உபுவான்' கேள்வியைக் கேட்டுவிட்டு விலகிக்கொள்கிறது. பதில் சொல்லும் பொறுப்பு கேட்பவர் தலையில் விழுகிறது. ஒரு பாட்டு சமுதாயத்துக்காகப் பாடப்பட்டதா, சமுதாயத்தை வைத்து விற்கப்பட்டதா என்று அறிய எனக்கு இதுதான் அளவுகோல்.

கடல்கன்னியான மகன்

2012-இல் வந்த 'சிரேனா' என்ற பாட்டையும் சொல்ல வேண்டும். சிரேனா என்றால் கடல்கன்னி. 1950-களில் மார்ஸ் ரவேலோ எழுதிய 'ஜெசபெல்' என்ற படக்கதையின் கடல்கன்னி அந்நாட்டுக் குழந்தைகள் எல்லாருக்கும் தெரிந்தவள். பல முறை திரைப்படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தவள்.

பாட்டில் வருபவன் பெண் தன்மையோடு வளரும் ஒரு பையன். அவனை 'ஆம்பளையாக்க' அப்பா தண்ணீர்த் தொட்டியில் முக்குகிறார். பையன் மனத்துக்குள், நான்தான் கடல்கன்னி ஆயிற்றே, தண்ணீரில் மூழ்குவேனா என்று தேற்றிக்கொள்கிறான். ஆண்டுகள் ஓடுகின்றன. உடன்பிறந்தவர்கள் கல்யாணம் கட்டிப் போய்விடுகிறார்கள். அப்பாவுக்குப் புற்றுநோய். பக்கத்தில் இருந்து பணிவிடை செய்பவன், அன்று அவர் தண்ணீரில் முக்கிய அதே மகன்.

இப்படிப்பட்ட பிள்ளைகளை ஏளனம் செய்யாதீர்கள் என்று ஒரு மணி நேரம் சொற்பொழிவு ஆற்றலாம். எத்தனை பேர் கேட்பார்கள்? குளோக்-9 சில நிமிடங்களில் ஒரு குடும்பக் கதையைச் சொன்னார். தங்களுக்குப் பழக்கமான கடல்கன்னியை ஒரு பையனின் உருவத்தில் மக்கள் பார்த்தார்கள். தெரிந்த உருவத்தைக் கொண்டு தெரியாத வலியைக் காட்டுவது ஜனரஞ்சகக் கலைக்குக் கைவந்த வித்தை. எங்களுக்குத் தொடர்பியல் டிப்ளோமாவில் ஊடகம் ஒரு பாடம், கருத்து ஒரு பாடம் என்று பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். இங்கே இரண்டையும் பிரிக்கவே முடியவில்லை.

நம் வீட்டு வாசலில்

மூன்றாவது பாட்டு, நேயர்களே, நம் வீட்டுக்குள்ளேயே வருகிறது. 'வாலாங் நதிரா', அதாவது 'யாரும் மிச்சம் இல்லை'. எங்கள் ஊரில் பொறியாளர்கள் ஏராளம், தச்சர்கள் ஏராளம், ஆனால் ஏன் ஒருவரும் மிஞ்சவில்லை என்று கேட்கும் பாட்டு அது. எல்லாரும் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். இவரே செவிலியர் படிப்புப் படித்தவர். தம் நாட்டுச் செவிலியர்கள் எந்தெந்த நாட்டு மருத்துவமனைகளில் இருக்கிறார்கள் என்று அறியாதவர் அல்ல.

இது தானாக நடந்தது அல்ல. 1974-இல் மார்க்கோஸ் ஆட்சியில் வந்த தொழிலாளர் சட்டத்தின் வழி, மக்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவது அரசாங்கக் கொள்கையானது. இன்று வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆண்டுதோறும் வீட்டுக்கு அனுப்பும் பணம் 30 பில்லியன் அமெரிக்க டாலருக்கும் மேல். பணம் வருகிறது, அம்மா வருவதில்லை.

சிங்கப்பூரில் பணிப்பெண்ணாக இருந்த புளோர் கொந்தெம்ப்லாசியோன், கொலை வழக்கில் 1995 மார்ச் 17-இல் தூக்கிலிடப்பட்டார். அவர் நாடே கொந்தளித்தது. வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பாதுகாக்க அதே ஆண்டில் பிலிப்பைன்ஸ் ஒரு சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் நோரா அவுனோர் நடித்து அவர் கதை திரைப்படமாகவும் வந்தது. தங்கள் பெண்களின் நிலையை அந்நாட்டு மக்கள் சட்டப் புத்தகத்தில் படித்ததைவிட, திரையிலும் பாட்டிலும்தான் அதிகம் உணர்ந்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் கோத்தா ராயா பக்கம், அல்லது சிங்கப்பூர் லக்கி பிளாசா பக்கம் போயிருக்கிறீர்களா? ஊருக்குப் பணம் அனுப்பவும், சொந்த மொழியில் நாலு வார்த்தை பேசவும் கூட்டம் கூட்டமாகப் பிலிப்பினோக்கள் வருவார்கள். நம்மில் சிலர் "ஐயோ, என்ன கூட்டம்!" என்று ஒதுங்கிப் போகிறோம். 'யாரும் மிச்சம் இல்லை' என்ற பாட்டின் மறுபாதி அந்தக் கூட்டம்தான். அங்கே மிச்சம் இல்லாதவர்கள் இங்கே இருக்கிறார்கள். நம் பிள்ளையைக் குளிப்பாட்டி, நம் பெற்றோருக்கு மருந்து கொடுத்து, நம் சமையலறையில் நிற்கிறார்கள்.

கப்பலேறி வந்து பிறர் தோட்டத்தில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ஊரில் விட்டுவந்த பிள்ளை, வராத கடிதம், அனுப்பிய காசு, இவையெல்லாம் நம் பாட்டிமார் சொன்ன கதைகள். நமக்கு அந்தப் பாட்டு புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்?

இரண்டு வேண்டுகோள்

ஒரு பாட்டால் உலகம் மாறிவிடாது. 'உபுவான்' வந்த பிறகும் மணிலாவில் தகர வீடுகள் இருக்கின்றன. அந்தப் பொறுப்பு பாடகருடையது அல்ல, நாற்காலியில் இருப்பவருடையது. பாட்டு செய்யக்கூடியது, பார்க்காமல் இருந்ததைப் பார்க்க வைப்பது. அதைச் செய்தாலே போதும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். முதலாவது, என் துறை நண்பர்களுக்கு. சமுதாய விஷயம் போட்டால் நேயர்கள் அலைவரிசையை மாற்றிவிடுவார்கள் என்று இனியும் சொல்ல வேண்டாம். நேயர்கள் மாற்றுவது உபதேசத்தை; கதையை அல்ல. நம் இளைஞர்கள் தங்கள் குடியிருப்பைப் பற்றி, வேலையைப் பற்றி, வீட்டுப் பிரச்சினையைப் பற்றி எழுதிக் கொண்டுவரும் பாட்டுக்கு ஓர் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

இரண்டாவது, வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு. உங்கள் வீட்டில் ஒரு பணிப்பெண் இருந்தால், இன்றிரவு ஒரு கேள்வி கேளுங்கள்: உன் பிள்ளையின் பெயர் என்ன, என்ன வயது? அதற்கு நாற்காலியைவிட்டு எழுந்து சமையலறை வரை நடந்தால் போதும்.